‘கால் வரலை’ என்றால் கோளாறு எங்கே? தசை பலவீனம் தரும் நரம்பு நோய்கள்: ஓர் அறிமுகம்

வட சென்னையில் ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ ஏதாவது ஒரு கிளினிக் வாசலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும். “கால் வரல டாக்டர்”, “கை மரத்துப் போச்சு”, “உடம்பெல்லாம் அசதியா கீது”, “ஒரு பக்கம் இஸ்துகிச்சு”, “நரம்புத் தளர்ச்சின்னு சொன்னாங்க” என்று வரிசையாகக் காதில் விழும். கேட்கிறவருக்கு எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேறு இடத்துக் கோளாறு.

முதலில் அசதியைப் பிரித்துவிடலாம். அசதி உள்ளவருக்கு எல்லா வேலையும் செய்ய முடியும், செய்யத்தான் தோன்றாது. ரத்தசோகை, தைராய்டு, கட்டுப்படாத சர்க்கரை, தூக்கமின்மை எல்லாம் அசதி தரும். பலவீனம் அப்படியல்ல. மனசு எழுந்திரு என்கிறது, கால் கேட்பதில்லை. இடுப்பில் வைத்துத் தூக்கிவந்த தண்ணீர்க் குடத்தை இப்போது தூக்க முடியவில்லை, பஸ் படியில் ஏற கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, சட்டைப் பொத்தான் போட விரல் வரவில்லை. இப்படி ‘எந்த வேலை நின்றுபோனது’ என்று சொல்ல முடிந்தால் அது பெரும்பாலும் நிஜமான பலவீனம்.

‘மரத்துப் போச்சு’ என்பது இன்னும் குழப்பமான வார்த்தை. சிலர் உணர்ச்சி இல்லாததை அப்படிச் சொல்கிறார்கள், சிலர் அசைக்க முடியாததை. இரண்டு கேள்வியில் தெளிவாகிவிடும்: கிள்ளினால் தெரிகிறதா? தூக்கினால் தூக்க வருகிறதா?

‘நரம்புத் தளர்ச்சி’ என்று மருத்துவத்தில் ஒரு நோயே இல்லை. ரயில்வே பாலத்துச் சுவர் விளம்பரங்களில் அந்தச் சொல்லுக்கு இருக்கும் பொருள் வேறு சங்கதி. ஆனால் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு பி-காம்ப்ளெக்ஸ் ஊசியாகப் போட்டுக்கொண்டு இரண்டு மூன்று வாரத்தைத் தொலைப்பவர்கள் நிறைய. சில நோய்களில் அந்த இரண்டு வாரம்தான் மருந்து வேலை செய்யும் காலம்.

எங்கே அடைத்திருக்கிறது?

சென்ட்ரலில் இருந்து கும்மிடிப்பூண்டி போகிற லோக்கலை நினைத்துக்கொள்ளுங்கள். பேசின் பிரிட்ஜில் தண்டவாளத்தில் கோளாறு என்றால் கும்மிடிப்பூண்டி வண்டி மட்டுமல்ல, பெரம்பூர் வழியாக அரக்கோணம் போகிற வண்டியும் நின்றுவிடும். கோளாறு தண்டையார்பேட்டையில் என்றால் கும்மிடிப்பூண்டி வழித்தடம் மட்டும்தான் படுக்கும். எந்தெந்த வண்டி வரவில்லை என்பதை வைத்தே அடைப்பு எங்கே என்று யாரும் சொல்லிவிடலாம். நரம்பியல் மருத்துவர் ஸ்கேனைப் பார்க்கும் முன் செய்வதும் இதைத்தான்.

கையை அசை என்ற உத்தரவு மூளையில் கிளம்பி, தண்டுவடம் வழியாக இறங்கி, அங்கே உள்ள இயக்க நரம்பணுவில் மாறி, நரம்பு வழியாக வெளியே வந்து, நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தைத் தாண்டி, தசையை அடைகிறது. எந்த நிறுத்தத்தில் கெட்டாலும் ‘கை வரலை’தான். வராத விதம்தான் வேறு.

மூளையில் கெட்டால் பொதுவாக உடம்பின் ஒரு பக்கம் போகும். வலது கை, வலது கால், வாய் கோணல், சில சமயம் பேச்சும். தண்டுவடத்தில் கெட்டால் இரண்டு காலும் சேர்ந்து போகும். கழுத்தில் அடி என்றால் கைகளும். வயிற்றிலோ மார்பிலோ பெல்ட் கட்டினாற்போல ஒரு கோடு, அதற்குக் கீழே உணர்ச்சி குறைவு, சிறுநீர் அடைப்பு அல்லது கட்டுப்பாடின்மை என்பவை தண்டுவடத்தின் கையெழுத்து. நம் ஊரில் முதுகெலும்பில் வரும் காசநோய் இதற்கு முக்கியமான காரணம். நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே குணமாகிற முடக்கம் அது.

தண்டுவடத்து இயக்க நரம்பணு செத்துப்போனால் தசை கரையும், தோலுக்கடியில் புழு நெளிவதுபோலத் துடிக்கும், ஆனால் உணர்ச்சி அப்படியே இருக்கும். மோட்டார் நியூரான் நோய் இந்த வகை. போலியோ தாக்குவதும் இதே அணுக்களைத்தான். இதில் நம் ஊர் பெயரிலேயே ஒரு வகை உண்டு. 30 வயதுக்குள் ஆரம்பித்து, கை கால் மெலிந்து, முகமும் தொண்டையும் தளர்ந்து, காதும் கேட்காமல் போய், ஆனால் மற்ற வகைகளைவிட மிக மெதுவாக நகரும் நோயை 1970களில் சென்னை மருத்துவர்கள் விவரித்தார்கள். உலக மருத்துவ நூல்களில் அது ‘மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்’. இளம் வயதில் கை மெலிவும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து வந்தால் இங்கே உள்ள நரம்பியல் மருத்துவருக்கு அந்தப் பெயர் நினைவுக்கு வரும்.

வெளி நரம்பு கெட்டால் பலவீனம் பாதத்திலும் விரல்களிலும் முதலில் தெரியும், கூடவே எரிச்சலோ மதமதப்போ இருக்கும். தசையே கெட்டால் தலைகீழ்: இடுப்பும் தோளும் முதலில் போகும், உணர்ச்சிக்கு ஒன்றும் ஆகாது. தரையில் உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாது, தலை வார முடியாது, ஆனால் பேனா பிடித்து அழகாகக் கையெழுத்துப் போடுவார். நரம்பு–தசைச் சந்திப்பில் கெட்டால் காலையில் நன்றாக இருந்து சாயங்காலம் சோர்ந்துபோகும். கண் இமை தொங்கும், ஒன்று இரண்டாகத் தெரியும்.

செருப்பு சொல்லும் சேதி

ஹவாய் செருப்பு இதற்கு நல்ல பரிசோதனைக் கருவி. நடக்கும்போது செருப்பு கழன்று போகிறது, கழன்றது அவருக்கே தெரிகிறது என்றால் பாதத்தைப் பிடித்து வைக்கும் தசைகளில் பலம் இல்லை. கழன்றதே தெரியாமல் பத்தடி நடந்துவிட்டு யாரோ சொல்லித்தான் திரும்புகிறார் என்றால் உணர்ச்சி போயிருக்கிறது. செருப்பின் முன்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பாதம் தூக்காமல் இழுபடுகிறது. ஒற்றைக் காலில் மட்டும் இப்படி என்றால் முழங்காலுக்கு வெளிப்பக்கம் எலும்பை ஒட்டிப் போகும் நரம்பு அமுங்கியிருக்கலாம். மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்து மீன் நறுக்குகிறவர்கள், தரையில் டைல்ஸ் போடுகிறவர்கள், கால்மேல் கால் போட்டே உட்காருபவர்கள், திடீரென்று உடல் மெலிந்தவர்கள் எல்லாருக்கும் இது வரும். அதே இடத்தில் நரம்பு கயிறுபோலத் தடித்து, தோலில் வெளுத்த உணர்ச்சியற்ற படையும் இருந்தால் தொழுநோயைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கான கூட்டு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

மணிக்கட்டு மட்டும் தொங்கினால்? குடித்துவிட்டு நாற்காலிக் கைப்பிடியில் கையைத் தொங்கப்போட்டுத் தூங்கியவருக்கு விடிந்ததும் கை மடங்கிக் கிடக்கும். மேற்கையில் நரம்பு அமுங்கியதுதான், பெரும்பாலும் வாரங்களில் சரியாகும். ஆனால் பழைய பேட்டரி உடைத்து ஈயம் உருக்குகிற வேலையில் இருப்பவருக்கு மெல்ல மெல்ல மணிக்கட்டு தொங்கினால் ரத்தத்தில் ஈயம் பார்க்க வேண்டும்.

வேகம்தான் அவசரத்தைச் சொல்லும்

இடத்துக்கு அடுத்த கேள்வி, எவ்வளவு வேகமாக வந்தது? நொடிகளில், நிமிடங்களில் வந்தால் மூளை ரத்தக்குழாய். ராத்திரி நன்றாகப் படுத்து விடியலில் நாலு கை காலும் தூக்க முடியவில்லை என்றால் ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தது, அல்லது பாம்புக்கடி. சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஏறினால் கில்லன் பாரே என்ற வெளி நரம்பு நோய். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் என்றால் தசை அழற்சி, மயஸ்தீனியா (நரம்பு–தசைச் சந்திப்பு நோய்), பி12 குறைவு, தண்டுவட அழுத்தம். வருடக்கணக்கில் என்றால் மரபுவழி நோய்கள்.

பாம்பு என்றதும் சென்னையில் ஏது என்று கேட்க வேண்டாம். மணலி, மாதவரம் பக்கம் காலிமனைகளை ஒட்டித் தரையில் படுத்துத் தூங்குபவர்கள் உண்டு. கட்டுவிரியன் கடி வலிக்காது, வீங்காது, பல் தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்றுவலி, வாந்தி, பிறகு இமை தொங்கல், பேச்சுக் குழறல், மூச்சுத் திணறல் என்று வரிசையாக வந்தால் கடித்ததைப் பார்த்தவர் யாரும் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் பாம்பு என்ற வார்த்தையைச் சொல்லிவிடுங்கள்.

பக்கவாதத்தில் எல்லாரும் கேள்விப்பட்ட கணக்கு நாலரை மணி நேரம். கட்டியான ரத்தத்தைக் கரைக்கும் ஊசியை அதற்குள் போட வேண்டும். அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிப்பது நீங்கள் கவனித்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து. ராத்திரி 10 மணிக்குப் படுத்து காலை 5 மணிக்கு இழுத்த நிலையில் கண்டால் கணக்கு 10 மணியிலிருந்துதான். அப்போதும் ஓட வேண்டும். பெரிய குழாய் அடைப்பாக இருந்தால் தேர்ந்தெடுத்த சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடக் கம்பி நுழைத்துக் கட்டியை எடுக்கிறார்கள். வாயில் தண்ணீர், காபி, மாத்திரை எதுவும் ஊற்றக்கூடாது, புரையேறி நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பிரினும் வேண்டாம். அடைப்பா ரத்தக்கசிவா என்று சி.டி. எடுக்காமல் யாராலும் சொல்ல முடியாது. சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டரில் ஒரு துளி பார்த்துவிடுங்கள், சர்க்கரை தாழ்ந்தாலும் ஒரு பக்கம் இழுத்ததுபோலவே இருக்கும். புறா ரத்தம் தேய்க்கிற வேலையில் போகிற ஒரு மணி நேரத்துக்கு எந்த ஊரிலும் மாற்று மருந்து கிடையாது.

வட சென்னையில் இன்னொரு கணக்கும் உண்டு: ரயில்வே கேட்டும் கன்டெய்னர் லாரியும். பழைய ஜெயில் ரோட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நரம்பியல் துறை இருக்கிறது. வீட்டில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ள பெரியவர் இருந்தால், எந்த நேரத்தில் எந்த வழி திறந்திருக்கும் என்பதை முன்னாலேயே யோசித்து வையுங்கள். அவசரத்துக்கு 108. சி.டி. இல்லாத இடத்துக்குப் போய் அங்கிருந்து எழுதி வாங்கிக்கொண்டு கிளம்புவதில்தான் அதிக நேரம் வீணாகிறது.

வாய் கோணல் மட்டும் தனியாக வந்தால் நெற்றியைப் பாருங்கள். புருவத்தைத் தூக்கச் சொன்னால் அந்தப் பக்கம் நெற்றி சுருங்கவில்லை, கண்ணும் மூடவில்லை என்றால் அது பெரும்பாலும் பெல்ஸ் பால்சி, முகநரம்பில் வந்த வீக்கம். வீட்டில் ‘காத்து பட்டுடுச்சு’ என்பார்கள். ஸ்டீராய்டு 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன். கண்ணுக்குப் பகலில் சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு மூடி ஒட்டுவது அதைவிட முக்கியம், இல்லாவிட்டால் கருவிழி காய்ந்து புண்ணாகும். நெற்றி நன்றாகச் சுருங்கி வாய் மட்டும் கோணினால் மூளைப் பக்கவாதமாக எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். பிரிக்கத் தெரியவில்லை என்றாலும் கிளம்புங்கள்.

கில்லன் பாரே: மூச்சை எண்ணுங்கள்

வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்து போய் ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, பாதத்தில் குறுகுறுப்பு, பிறகு கால் துவளல், பிறகு கை என்று கீழிருந்து மேலே ஏறும். கிருமியை எதிர்க்கப் போன உடலின் எதிர்ப்புச் சக்தி ஆள் மாறி நரம்பின் மேலுறையைத் தாக்குவதுதான் காரணம். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள், அதிகபட்சம் நான்கு வாரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு நிற்கும். மருத்துவர் முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் உதறாது.

ஆபத்து காலில் இல்லை, மூச்சில் இருக்கிறது. ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வென்டிலேட்டர் தேவைப்படும். அதை முன்கூட்டிக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். நன்றாக மூச்சை இழுத்து, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நொடிக்கு இரண்டு வீதம் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நல்ல உடல்நிலையில் 40ஐத் தாண்டும். 20க்குக் கீழே வந்தால் அபாயம், தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள இடத்தில்தான் இருக்க வேண்டும். நேற்று 30, இன்று 22 என்று இறங்குவதே போதுமான எச்சரிக்கை. தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாததும், இருமல் சத்தம் பலமிழப்பதும் அதே கதையைச் சொல்லும். விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டர் 97 காட்டுகிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள். தசை சோரும்போது ஆக்ஸிஜன் கடைசியில்தான் குறையும்.

சிகிச்சை இரண்டு. இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரதம்) ஊசி, ஒரு கிலோ எடைக்கு மொத்தம் 2 கிராம், வழக்கமாக ஐந்து நாளாகப் பிரித்து. 60 கிலோ எடையுள்ளவருக்கு 120 கிராம், நாளுக்கு 24. இல்லையென்றால் பிளாஸ்மா மாற்றம் (ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவது), ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கைந்து முறை. இரண்டுக்கும் பலன் ஒன்றே, விலைதான் வேறு. முதல் இரண்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டும். ஸ்டீராய்டால் இதில் பயனில்லை. முதுகுத் தண்டு நீரும் நரம்பு மின்பரிசோதனையும் முதல் வாரத்தில் சரியாகவே வரலாம், ‘டெஸ்ட் நார்மல்’ என்று வீட்டுக்குக் கூட்டி வந்துவிடக்கூடாது.

15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கால் துவண்டால் சுகாதாரத் துறையினர் வந்து 24 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை மலம் சேகரிப்பார்கள். பிள்ளைக்குப் போலியோ என்று முடிவு கட்டிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் வந்த கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரியில், 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்றளிக்கப்பட்டது. அது திரும்பி வரவில்லை என்று உறுதிசெய்யவே இந்தச் சோதனை.

விடிந்ததும் எழ முடியாத வாலிபர்

ராத்திரி கல்யாண வீட்டில் பிரியாணி, அல்லது மூட்டை தூக்கிய களைப்பில் வயிறு முட்டச் சாப்பாடு. காலையில் நாலு கை காலும் கட்டிப்போட்டதுபோல. நினைவும் பேச்சும் தெளிவு, உணர்ச்சியும் சரி. சில மணி நேரத்தில் தானாக விடும், இரண்டு மாதம் கழித்து மறுபடி வரும். ரத்தத்தில் பொட்டாசியம் தசைக்குள் ஓடிப்போய் 3.5க்குக் கீழே இறங்குவதால் வருவது இது. மாவுச்சத்து ஏறியதும் சுரக்கும் இன்சுலின்தான் அதை உள்ளே தள்ளுகிறது.

இங்கே நடக்கிற பெரிய தவறு குளுக்கோஸ் பாட்டில். ‘பையன் சோர்ந்து கிடக்கிறான்’ என்று டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினால் இன்சுலின் இன்னும் சுரந்து, பொட்டாசியம் இன்னும் இறங்கும். கை கால் வரவில்லை என்று வந்தவருக்கு பாட்டில் மாட்டும் முன் பொட்டாசியமும் இ.சி.ஜி.யும் பார்க்கச் சொல்லிக் கேட்பது தப்பில்லை. இளநீரில் பொட்டாசியம் இருக்கிறதே என்று வீட்டிலேயே கொடுத்துப் பார்க்கவும் வேண்டாம். பொட்டாசியம் கூடினாலும் இதே பலவீனம்தான் வரும், சிறுநீரக நோயாளிக்கு அந்த இளநீர் இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். 20 முதல் 40 வயது ஆணுக்கு இப்படி வந்தால் தைராய்டு கட்டாயம் பார்க்க வேண்டும். தைராய்டு மிகைச் சுரப்பு பெண்களிடம்தான் அதிகம், ஆனால் அதனால் வரும் இந்த முடக்கம் ஆண்களிடம்தான் அதிகம். தைராய்டைக் கட்டுப்படுத்தினால் முடக்கம் நின்றுபோகும்.

மயஸ்தீனியா: சாயங்காலத்து நோய்

காலையில் பார்த்த மருத்துவருக்கு ஒன்றும் தெரியாது, சாயங்காலம் பார்த்த வீட்டாருக்கு எல்லாம் தெரியும். அதனால்தான் சாயங்காலத்தில் இமை தொங்குவதையும், சாப்பாட்டின் நடுவில் தாடை சோர்ந்து கையால் தாங்குவதையும், பேசப் பேசக் குரல் மூக்கால் வருவதையும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். வீட்டிலேயே ஒரு சோதனை: தலையை அசைக்காமல் ஒரு நிமிடம் மேலேயே பார்க்கச் சொன்னால் இமை மெல்ல இறங்கும். தொங்கிய இமைமேல் துணியில் சுற்றிய ஐஸை இரண்டு நிமிடம் வைத்தால் கொஞ்சம் உயரும். குளிரில் நரம்பு–தசைச் சந்திப்பு நன்றாக வேலை செய்கிறது. இதே காரணத்தால் அக்னி நட்சத்திர வெயிலில் இந்த நோயாளிகள் படும் பாடு அதிகம்.

உடல் முழுக்கப் பரவிய மயஸ்தீனியாவில் 100க்கு ஏறக்குறைய 85 பேருக்கு ரத்தத்தில் அந்தச் சந்திப்பைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் கிடைக்கும், கண்ணோடு நின்ற வகையில் பாதிப் பேருக்குத்தான். நெஞ்சில் தைமஸ் சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று சி.டி. பார்ப்பார்கள். பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அரைமணி முதல் முக்கால் மணி நேரத்தில் வேலை தொடங்கி மூன்று நான்கு மணி நேரம் நிற்கும். ஆகவே அதைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன் போட வேண்டும். சாப்பிட்டு முடித்துப் போட்டுக்கொண்டு, விழுங்க முடியவில்லையே என்பவர்கள் உண்டு. வயிற்றுக் கடுப்பும் எச்சில் சுரப்பும் கூடினால் அளவு அதிகம் என்று அர்த்தம். ஸ்டீராய்டு தொடங்கிய முதல் ஒன்றிரண்டு வாரத்தில் நோய் சற்று மோசமாகலாம், மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிடக்கூடாது.

எம்.ஆர்.ஐ. எங்கே எடுப்பது?

இரண்டு காலும் பலமில்லை என்றதும் இடுப்பு எம்.ஆர்.ஐ. எடுத்துவிடுவது பழக்கமாகிவிட்டது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் எலும்போடு முடிந்துவிடுகிறது. கால் விறைத்துக் கத்தரிக்கோல்போலப் பின்னி நடப்பவருக்குக் கோளாறு மார்பிலோ கழுத்திலோ இருக்கும். இடுப்புப் படத்தில் அது வராது. வருவதெல்லாம் 40 வயதுக்கு மேல் பலருக்கும் இருக்கிற முதுகெலும்பு வட்டுத் தேய்மானம். அதற்கு அறுவை சிகிச்சைவரை போனவர்கள் உண்டு. கால் விறைப்பா துவளலா என்று மருத்துவர் மடக்கி நீட்டிப் பார்க்காமல் ஸ்கேன் சீட்டு எழுதினால் கேள்வி கேளுங்கள்.

நரம்பு மின்பரிசோதனைக்கும் நேரம் பார்க்க வேண்டும். அடிபட்ட நரம்பின் பாதிப்பு ஊசிப் பரிசோதனையில் முழுசாகத் தெரிய மூன்று வாரம் ஆகும்.

சி.கே. என்ற தசை நொதியைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை மலிவானது, தசை நோய்க்கு நல்ல வழிகாட்டி. மூன்று நான்கு வயதுப் பையன் அடிக்கடி விழுகிறான், தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஏணி ஏறுவதுபோல் எழுகிறான், கெண்டைக்கால் மட்டும் பருத்திருக்கிறது என்றால் டுஷேன் தசைச்சிதைவைச் சந்தேகிக்க வேண்டும், சி.கே. பல ஆயிரங்களில் இருக்கும். இந்தப் பிள்ளைகளுக்கு எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற இரண்டு நொதிகளும் ஏறியிருப்பதைப் பார்த்து ஈரல் கோளாறு என்று மாதக்கணக்கில் கீழாநெல்லி கொடுப்பார்கள். அந்த நொதிகள் தசையிலிருந்தும் வரும். ஈரல் என்று முடிவு செய்யும் முன் சி.கே. ஒன்று பார்த்தால் தெளிவாகிவிடும். உறுதியானால் தாய்க்கும் மரபணுச் சோதனை தேவை, அடுத்த பிள்ளை, தாயின் சகோதரிகளின் பிள்ளைகள் என்று விஷயம் நீளும்.

வீட்டில் என்ன செய்வது?

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், ராத்திரியிலும். ஒவ்வொரு மூட்டையும் முழு வளைவுக்கு மெதுவாகப் பத்து முறை, நாளுக்கு இருவேளை அசைத்துக் கொடுத்தால் இறுகாது. எண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை, தேய்ப்பதோடு நிறுத்துவதுதான் தப்பு. பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பினால் தோள்மூட்டு இறங்கிவிடும். முதுகையும் இடுப்பையும் பிடித்தே தூக்குங்கள்.

விழுங்கும் சிக்கலில் தண்ணீர்தான் மிக ஆபத்தானது, சோறு அல்ல. தண்ணீர் குடித்ததும் குரல் கொழகொழவென்று மாறினால் உள்ளே இறங்கியிருக்கிறது. நிமிர்ந்து உட்காரவைத்து, தாடையைச் சற்றுத் தாழ்த்தி, கெட்டியான கேழ்வரகுக் கூழ் பதத்தில் சிறு கரண்டியில் கொடுங்கள். சாப்பிட்டு அரைமணி நேரம் படுக்கவிடாதீர்கள்.

உடற்பயிற்சியில் ‘எவ்வளவு முடியுமோ அவ்வளவு’ என்பது தசை நோய்க்குப் பொருந்தாது. மறுநாளும் வலி நீடித்தாலோ, செய்தபிறகு பலம் இன்னும் குறைந்தாலோ அளவு அதிகம். பாதம் தொங்குபவருக்குக் கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை உண்டு. ஹவாய் செருப்பை மாற்றி, பின்னால் வார் உள்ளதை வாங்கினாலே விழுவது குறையும். இடுப்பு பலமில்லாதவருக்குக் கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலிகள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் சில அங்குலம் உயர்ந்து, எழுவது சுலபமாகும். குந்தும் கழிப்பறைக்கு மேல் வைக்கும் கமோடு நாற்காலியும் அப்படித்தான்.

நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். முழங்காலுக்குக் கீழிருந்து பாதம் 40 சென்டிமீட்டர் என்றால் ஓராண்டைத் தாண்டும். மூன்று மாதத்தில் முன்னேற்றமில்லை என்று வைத்தியத்தை மாற்றுகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

நாள்பட்ட நோய்களில் மூச்சுக் குறைவு ராத்திரியில்தான் முதலில் காட்டும்: மல்லாந்து படுக்க முடியாது, காலையில் தலைவலி, பகலெல்லாம் தூக்கம். அதற்குத் தேவை ஆக்ஸிஜன் சிலிண்டர் அல்ல, முகக்கவசத்தோடு காற்றை உள்ளே தள்ளும் பைபாப் கருவி. வெறும் ஆக்ஸிஜன் கொடுத்தால் கரியமில வாயு ஏறி நோயாளி மயங்கிவிடக்கூடும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தசைச்சிதைவும் நாள்பட்ட நரம்பு நோய்களும் உண்டு. அரசு மருத்துவமனையில் சான்றிதழ் பெற்று தனித்துவ அடையாள அட்டை எடுத்துவிட்டால், தசைச்சிதைவுக்கான மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் சக்கர நாற்காலிக்கும் விண்ணப்பிக்கலாம். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் அனுமதிக்கும்போதே காட்டுங்கள், சிகிச்சை முடிந்து பில்லோடு போனால் காரியமாகாது.

மயஸ்தீனியா உள்ளவர் பர்ஸில் ஒரு சீட்டு இருக்கட்டும். நோயின் பெயர், போடும் மாத்திரை அளவு, அதன் கீழே பெரிய எழுத்தில்: ஜென்டாமைசின், அமிகாசின், சிப்ரோஃப்ளாக்சசின், லிவோஃப்ளாக்சசின், அசித்ரோமைசின், குளோரோகுயின், பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள், ரத்தக்குழாயில் ஏற்றும் மக்னீசியம் – நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். சளிக்காய்ச்சலுக்குத் தெருமுனை மெடிக்கலில் வாங்கும் மாத்திரையில் இவற்றில் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். அந்தச் சீட்டை அங்கேயும் காட்டுங்கள், பல் பிடுங்கப் போகும்போதும் காட்டுங்கள்.